ராசா வெட்டினது

பொலன்னறுவையில் இருந்து ஆண்ட ராசா பெரியவரா, ஜெருசலேமைப் பிடித்த சுல்தான் பெரியவரா என்று ஏ.எல். பரீட்சைக்கான என் வரலாற்று டியூஷன் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இருவரும் ஒரே நூற்றாண்டுக்காரர்கள். நல்ல கேள்வி என்று உச்சி குளிர்ந்து வாயைத் திறந்தேன். வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

ராசா கட்டிய குளங்களைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு சொன்னது இது.

“நம்மட ராசா கணக்கில்லாம வெட்டினாரு. சுல்தான் வெட்டல்ல. அவர்ர பெருமை வேற. பிடிச்ச ஊர்ச் சனத்த உசிரோட போக உட்டாரு.”

எங்கள் பக்கத்தில் குளமும் வெட்டுவோம், வாய்க்காலும் வெட்டுவோம், விளைந்த வெள்ளாமையையும் வெட்டுவோம். வகுப்பில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

வகுப்புக்கு வராத தோழிக்காக ஒரு பிள்ளை அதைப் போனில் பதிந்திருக்கிறாள். அது கைமாறிப் போய், யாரோ புண்ணியவான் அந்த நாலு வரியை மட்டும் நறுக்கி, கீழே சிங்களத்தில் எழுதிவிட்டான். ராசா ஆட்களை வெட்டிக் குவித்தார், சுல்தான் வெட்டவில்லை என்று முஸ்லிம் டீச்சர் படிப்பிக்கிறாராம்.

வயலிலிருந்து வந்த கணவர் போனை நீட்டினார்.

“இது உங்கட குரலெல்லுவா?”

“ஓம். நான் குளத்தையெல்லுவா சொன்னன்!”

“எனக்கு விளங்குது புள்ள. மத்தவனுக்கு விளங்கணுமே.”

தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், யாரோ செய்த பாவத்துக்கு பொலிஸ் தேடுதலுக்குப் பயந்து எங்கள் வீட்டு அரபுப் புத்தகங்களை அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்தவள் நான். ஓதுகிற கிதாபுக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்த ஊரில், இந்த ஒரு சொல்லுக்கு யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்? என்னைப் பிடித்துக்கொண்டு போனால் உம்மா தாங்கமாட்டா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுதான் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது.

பதிந்த பிள்ளையின் வாப்பா முழுப் பதிவையும் ஸ்டேஷனுக்கே கொண்டு வந்து தந்தார். பெரிய அதிகாரி சிங்களவர். தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர் வரிவரியாக மொழிபெயர்த்தார். ‘வெட்டினாரு’ வந்ததும் நான் அதிகாரியின் முகத்தையே பார்த்தேன். கான்ஸ்டபிள் கையால் மண் தோண்டுவதுபோல் காட்டினார். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

“போங்க டீச்சர். இனிக் கதைக்கக்குள்ள கவனம்,” என்றார் கான்ஸ்டபிள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கியது. பயம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வகுப்பில் அதே மாணவி எழுந்தாள்.

“டீச்சர், யாரு பெரியாள் என்டு நீங்க சொல்லி முடிக்கல்லயே?”

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

“சுல்தான் ஏ.எல். சோதினைக்கு வரமாட்டாரு,” என்றேன். “அடுத்த பாடத்த எடுங்க.”