பூட்டிய வீட்டுக்குள் சொன்ன ஜெபமாலை

என் மனைவி ஸ்டெல்லா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு வாசற்கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியவன் நான்தான். அந்த வீட்டிலிருந்து ஆண்டவர் எங்களை வெளியே கொண்டுவந்ததை நம் ஆலயப் பங்கு மக்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எர்ணாவூரில் கால்வாயை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். கடலில் ஓதம் ஏறும் நாள்களில் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் வரும். வற்றம் தொடங்கியதும் இறங்கிவிடும். அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் தகரத்தை நிறுத்தி, இடுக்கில் களிமண் அப்பி, கதவு அசையாமல் இருக்க வெளிப்பக்கம் இழுத்துப் பூட்டிவிடுவோம். பின்வாசல் சற்று மேடு. அந்த வழியாக உள்ளே வந்து, தண்ணீர் இறங்கும்வரை காத்திருப்போம்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். புயல் மழை இரவெல்லாம் பெய்திருந்தது. காலையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டு ரோஸி அக்கா தலையில் மூட்டையோடு நின்று கூப்பிட்டார்.

“இன்னா ஸ்டெல்லா, வர்றியா, இல்ல மீனு மாதிரி இங்கயே நீந்திகினு இருக்கப் போறியா?”

“வத்தம் வந்தா எறங்கிடும்க்கா. நீங்க போங்க” என்று நான்தான் பதில் சொன்னேன். பிறகு வழக்கம்போல வாசலை அடைத்துப் பூட்டினேன்.

வற்றம் வந்தது. தண்ணீர் இறங்கவில்லை. அன்று வந்தது கடல் தண்ணீர் அல்ல. மேற்கே ஏரிகள் நிரம்பி வந்த வெள்ளம். அது தகரத்தைத் தாண்டி வீட்டுக்குள் புகுந்தது. அதன்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்தது. எங்கிருந்து வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வெளிப்பக்கமாகத் திறக்கும் பின்கதவைத் தள்ளினேன். அடித்துக்கொண்டு வந்த தள்ளுவண்டி ஒன்று அதன்மேல் சாய்ந்து கிடந்தது. கதவு அசையவில்லை. இருந்த ஒரே சன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், கம்பெனிச் சுவர். வாசல் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பூட்டு வெளியே இருந்தது.

ஸ்டெல்லாவுக்குப் பல வருடங்களாக வீசிங் உண்டு. அவளைச் சமையல் மேடைமேல் ஏற்றி உட்கார வைத்தேன். மூச்சுக்கு இழுக்கும் மருந்து தண்ணீரில் விழுந்து போயிருந்தது. எண்ணெய் நெடியில் எனக்கே கண் எரிந்தது. அவளுடைய உதடுகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன.

மதியத்துக்கு முன் ஒரு மீட்புப் போட்டு வந்தது. எஞ்சின் சத்தம் வாசலுக்கு நேராக நின்றது. கதவில் அடித்தேன், கத்தினேன். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் ஒருவர் கூவியது மட்டும் கேட்டது: “பூட்டு தொங்குது, ஆளு இல்ல. அடுத்த தெருவுக்கு வுடு!” சத்தம் தேய்ந்து போனது. அவளைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஸ்டெல்லா கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் அவளுடையது. நான் பிற்பாதியை முணுமுணுப்பேன், பல நாள்களில் டிவியைப் பார்த்துக்கொண்டே.

“மனசுக்குள்ள சொல்றேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “சத்தமா... சொல்லுப்பா.” அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

சொன்னேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். அவளுடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த மணி. மீண்டும் முதல் பாதி, மீண்டும் அந்த இடைவெளி. அழுதுகொண்டே சொன்னேன். எத்தனை மணி தாண்டினேன் என்று தெரியாது.

அப்போது கதவுக்கு வெளியே ஓர் ஆண் குரல், கரகரப்பாக, பிற்பாதியைச் சொன்னது. “புனித மரியே” என்று தொடங்கி, பாதியில் நின்றது.

“டேய் சேகரு, நிறுத்துடா. உள்ள ஆளு கீது.”

“பூட்டு தொங்குதுண்ணே. பேயி கீயி ஜெபம் சொல்லுதா?”

“பேயி எங்கடா மாதாவ கூப்டும்? நங்கூரத்த எடு.”

மூன்றாவது அடியில் பூட்டு உடைந்தது. எண்ணூர்க் குப்பத்து மீனவர் அந்தோணி அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், வெளிய பூட்டிகினு உள்ள நிக்கிற?”

“தண்ணி வராம இருக்கத்தான்ணா.”

“நல்லா தடுத்துகீற” என்றார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்ததும் அவளைத் தூக்கிக்கொண்டார்.

அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலையில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அந்தோணி அண்ணன் பின்னர் சொன்னது இது. அவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் இறக்கையில் பிளாஸ்டிக் சிக்கி நின்றுவிட்டது. மூங்கிலால் தள்ளியபடி வந்தவர்களை நீரோட்டம் எங்கள் தெருவுக்குள் இழுத்துவிட்டது. “எஞ்சின் ஓடியிருந்தா மெயின் ரோட்லயே போயிருப்போம். வந்திருந்தாலும் உன் சத்தம் காதுல வுழுந்திருக்காது. யாரோ முதல் பாதிய சொல்றாங்கோ, மீதி என் வாயில தானா வந்துது.”

இதைத் தற்செயல் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை அந்த எஞ்சினை நிறுத்தியவர் ஆண்டவர்.

அண்ணனுடைய வலைகள், சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தில் கலந்த அந்த எண்ணெயில் ஊறிக் கெட்டுப்போயின. வாரக்கணக்கில் அவர் கடலுக்குப் போகவில்லை. எங்களுக்குக் கிடைத்த உதவி அவருக்கு ஏன் அப்படியே கிடைக்கவில்லை என்று இன்னும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய பெயரைச் சொல்லி நாங்கள் தினமும் மன்றாடுகிறோம். படகைத் தேய்த்துக் கழுவ நானும் போனேன்.

ஜெபம் என்பது மனத்துக்குள் நடக்கும் விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறர் காதில் விழுந்தால் கூச்சமாக இருக்கும். சகோதரரே, சகோதரியே, உங்களுக்கும் அந்தக் கூச்சம் இருக்கலாம். அன்று நான் மனத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தோணி அண்ணனின் போட்டும் எங்கள் வாசலைக் கடந்து போயிருக்கும். நம்பிக்கையோடு கேளுங்கள். வாய் திறந்து கேளுங்கள்.