கழிகளைத் திரும்பச் செருகாதவன்

எங்கள் குட்டன் செத்துப்போனது என்னால்தான். அதற்கான பழியை நான்கு வருடங்களாகச் சுமந்துகொண்டிருப்பவளோ, கடற்கரையிலிருந்து மீன் விற்க வரும் பிலோமி. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதலாவதை மட்டும் சொன்னால், பாவம், நல்ல மனசு என்று நீங்கள் என்னைத் தட்டிக்கொடுத்துவிடக்கூடும்.

குட்டன் எங்கள் நாய்; ஊர்ப் பேச்சில் பட்டி. ஒரு நாய்க்கா இவ்வளவு என்று கேட்பீர்கள்... கேளுங்கள். எனக்கும் சரசத்துக்கும் பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

செங்கல் என்ற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர் நிலம் எங்களுக்கு உண்டு. நடுவே போகும் இடவழிக்கு ஒருபுறம் வீடும் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் வாழையும் ஒரு பசுவும். மறுபுறம் ரப்பர் மரங்கள். நான்தான் பால் வெட்டுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் கிடைத்ததை வாசித்தும், கிடைத்தவர்களிடம் வாய் கொடுத்தும் படித்தது. யார் என்ன சொன்னாலும் அந்த வாய்ச்சொல் அப்படியே என் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதுவே இன்று எனக்குத் தண்டனையாகவும் இருக்கிறது.

குட்டனுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. சங்கிலியில் கட்டினால் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வான். கய்யாலை மண்சுவர் மேல் ஏறிக் குதிப்பான். செம்பருத்தி வேலிக்கு அடியில் குழி தோண்டுவான். சாணக் குழியின் மேட்டிலிருந்து ஒரே பாய்ச்சலில் அடுத்த வீட்டுப் புரையிடத்துக்குப் போய்விடுவான்!

பக்கத்து வீட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. காலையில் அங்கிருந்து சத்தம் கொடுப்பார்.

"ஓய், உங்க சர்வேயர் வந்திருக்காராக்கும். எனக்க மரச்சீனி மூடு எண்ணிட்டு நிக்காரு."

டீக்கடைக்காரன் இன்னும் ஒரு படி மேலே. "அண்ணே, உங்களை விட உங்க பட்டிக்கு இந்த ஊர்ல ஆள் பழக்கம் ஜாஸ்தி."

உண்மைதான். ஒருநாள் கல்யாண வீட்டில், ஒருநாள் ரேஷன் கடையில், இன்னொரு நாள் மெயின் ரோட்டின் ஓரத்தில் என்று அவனைத் தேடிப் பிடித்து வருவோம். மெயின் ரோடுதான் சரசத்தின் பயம். "ஒருநாள் இல்லாட்டா ஒருநாள், நான் இவனைச் சாக்குலதான் தூக்கிட்டு வருவேன்" என்பாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள்.

அவனை நிறுத்த வழி சொன்னவள் பிலோமி. வாரத்தில் ஐந்து நாள், தலையில் மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு எங்கள் இடவழியில் வருவாள். அவள் குரல் கேட்டதும் குட்டன் வாலை ஆட்டுவதில்லை, உடம்பையே ஆட்டுவான்.

"எலே மக்கா, நேத்தைக்கு எங்க ஊர் சுத்தப் போன? இந்தா, உனக்க பங்கு." ஒரு மீன்தலை விழும். பிறகு சரசத்திடம், "அக்கா, இவனைக் கடல்ல விட்டா கொல்லம் வரை போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துருவான், கேட்டியளா?"

அடுத்த முறை வந்தபோது ஒரு பழைய வலையைச் சுருட்டி எடுத்துவந்தாள். எங்கள் பக்கத்தில் செடிகளுக்கு வேலியாகக் கிழிந்த வலையைக் கட்டுவது வழக்கம்தான். "மீனைப் பிடிச்ச வலை. இவனைப் பிடிக்காதா?" என்றாள். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை.

அந்த வலையை வீட்டைச் சுற்றிலும் கட்டினேன். மிச்சம் இருந்தது வாசல் ஒன்றுதான். எங்கள் வாசலில் இரும்புக் கேட் இல்லை. இரண்டு கல்தூண், அவற்றில் துளைகள், குறுக்கே செருகும் மூன்று மூங்கில் கழிகள். கடம்ப என்போம். கழிகளின் உட்புறம் வலையைத் தொங்கவிட்டு, தூணில் அடித்த ஆணிகளில் மாட்டினோம். ஆக, வெளியே போகவும் வரவும் மூன்று கழியை உருவ வேண்டும், வலையை விலக்க வேண்டும், மறுபடி வலையை மாட்டிக் கழியைச் செருக வேண்டும். இரண்டு கையும் வேண்டும்.

எட்டு மாதம் குட்டன் வெளியே போகவில்லை. எட்டு மாதம்!

அன்று காலை எட்டு மணி இருக்கும். தெற்கே வானம் கறுத்து வந்தது. ரப்பர் பால் எடுப்பவனுக்கு அதைவிடப் பெரிய அவசரம் கிடையாது. சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் வெட்டியதெல்லாம் வீண். ஓடி ஓடி எல்லா மரத்துப் பாலையும் இரண்டு வாளியில் சேர்த்து, இடவழியைத் தாண்டி வாசலுக்கு வந்தேன். வாளிகளை வைத்தேன். கழிகளை உருவிக் கீழே போட்டேன். வலையை ஒதுக்கினேன். வாளிகளைத் தூக்கி உள்ளே வந்தேன்.

பாலை ஷெட்டில் ஊற்றிவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம்...

இப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்குத் தெளிவாக! ஷெட்டில் பாலை வடிகட்டினேன், ஆசிட் கலந்து டிஷ்களில் ஊற்றினேன். மழை பிடித்தது. பால் தப்பியதே என்று ஒரு பீடியும் குடித்தேன்.

அந்த இடைவெளியில் குட்டன் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் பிலோமி வந்தாள். கழிகள் கீழே கிடப்பதைப் பார்த்தாள். நாய் வெளியே போய்விடக் கூடாதே என்று, அந்த மழையில் சருவத்தை இறக்கி வைத்து, வலையை மாட்டி, மூன்று கழிகளையும் ஒவ்வொன்றாகச் செருகினாள். செருகிக்கொண்டிருக்கும்போதே "மீனே..." என்று கூப்பிட்டிருக்கிறாள். சரசம் குடையோடு வெளியே வந்து பார்த்தது, கழியில் இருந்த பிலோமியின் கையை.

நான் செய்யாமல் விட்டதைச் செய்த கை அது.

ஒரு மணி நேரம் கழித்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் தெரிந்த பையன். "மாமா... உங்க பட்டி... மெயின் ரோட்டுல..." என்றான். பின் சீட்டில் ஒரு சாக்கு.

சரசம் அப்போது அழவில்லை. குட்டனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நனைந்த ரோமத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"நீங்க பால் கொண்டு வந்தப்போ கழி போட்டியளா?"

"போட்டேனே."

ஒரு சொல். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியாது. நான் என்னைப் பற்றி மட்டும்தான் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல்லோடு நிறுத்தியிருந்தாலும் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. சரசம் பிலோமியைப் பார்த்த கதையைச் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்க்கத் திறந்திருப்பாளோ, என்னமோ, என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு, என் வாயால், யாரும் கேட்காமல், இன்னொன்றும் சொன்னேன்.

"அவளுக்கு எப்பவும் அவசரமாக்கும்."

மறுநாள் வழக்கம்போலப் பிலோமி வந்தாள். விஷயம் தெரியாமல், குட்டனின் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சரசம் கடம்பயிலேயே அவளை நிறுத்தினாள்.

"எனக்க பட்டியைக் கொன்னுட்டு மீன் விக்க வந்தியா?"

பிலோமிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஐயோ, கர்த்தாவே! அக்கா, நான் வரும்போ கழி கீழதான் கிடந்துது. நான்தான் எடுத்துப் போட்டேன். சத்தியமா அக்கா..."

"அவரு போட்டுட்டுதான் வந்தாரு. அவரு பொய் சொல்லுவாரா?"

அப்போது பிலோமி என்னைப் பார்த்தாள். நான் ஷெட் வாசலில், உறைந்த பாலை டிஷ்ஷிலிருந்து பெயர்த்துக்கொண்டு நின்றேன். பெயர்த்துக்கொண்டே இருந்தேன். தலை நிமிரவில்லை. அந்தப் பார்வை என் உச்சந்தலையில் விழுந்தது மட்டும் தெரிந்தது.

அவள் சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை பலாமரத்தடியில் குட்டனைப் புதைத்த இடத்தில் சரசம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் எனக்கு உண்டு" என்றாள். அந்தப் பிடிக்குள் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம். அடுத்த வாரம் சொல்லலாம். ஓணம் கழியட்டும்... இப்படியே.

இடவழியில் ஆறேழு வீடுகள். சரசத்தின் கண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அதன் பிறகு பிலோமியிடம் மீன் வாங்கவில்லை. ஒரு மாதம் வெறுமனே கூவிப் பார்த்தாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். சந்தையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வீடு வீடாகப் போகிறவளுக்கு அந்த வீடுகள்தான் சொத்து. நான் அவளிடமிருந்து ஒரு தெருவையே பிடுங்கிவிட்டேன்.

இதெல்லாம் பழைய பாவம். போன மாதம் செய்தது புதியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசம் திடீரென்று சொன்னாள். "நான் பிலோமியைப் பொறுத்துட்டேன். அவளும் வேணும்னு செய்யலியே. இந்த வெறுப்பைச் சுமந்துட்டு எனக்குப் போக வேண்டாம். சந்தைக்குப் போனா அவட்ட சொல்லுங்க. திரும்ப வரச் சொல்லுங்க."

அவள் முகம் அப்போது எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா! நான்கு வருடப் பாரத்தை இறக்கி வைத்தவளின் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, பொறுக்க வேண்டியது அவளை அல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனேன். சந்தையில் பிலோமியின் முன்னால் போய் நின்றேன். முடி பாதி நரைத்திருந்தது. சாளை இருந்தது. ஒரு கிலோ என்றேன். நிறுத்தாள். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"சரசம் உன்னைப் பொறுத்துட்டா."

பிலோமி மீனைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்.

"எதுக்கு அண்ணே?"

நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சரசம் வாசலிலேயே நின்றாள். "சொன்னியளா? என்ன சொன்னா?"

"சந்தோஷப்பட்டா. வாறேன்னு சொன்னா."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை! திங்கட்கிழமை சரசம் சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செவ்வாயும் இருந்தாள். புதனன்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "இன்னிக்கு வருவா பாருங்க" என்றாள். நேற்றோடு மூன்று வாரம் ஆகிவிட்டது.

இன்று மதியம் மரச்சீனியை அவித்து, மிளகாயை உடைத்துப் போட்டு என் முன்னால் வைத்தாள். மீன் இல்லை. அவள் முகத்தில் அந்தத் தெளிவும் இல்லை.

"குத்தம் செஞ்சவளுக்கு இம்புட்டு அகம்பாவமா? நான் இறங்கிப் போயும் அவளுக்கு வரத் தோணலியே! இனி செத்தாலும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்."

நான் கிழங்கைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

"நீங்க எதுக்கு தின்னாம இருக்கீங்க? அவளுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லி, தன் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நான் தின்றேன்.