அங்கே நிறுத்திய மாத்திரை

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். நாள் தள்ளிப்போனதும் டாக்டரிடம் போனேன். அப்போதெல்லாம் கர்ப்பமா என்று பார்க்க மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கிய பிறகு தீட்டு வந்தால் கர்ப்பமில்லை, வராவிட்டால் கர்ப்பம். எனக்கு வரவில்லை. வீடே சந்தோஷப்பட்டது.

இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த என் கணவரின் அக்கா, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தார். முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். மதினியின் கை நின்றுவிட்டது.

“ஏட்டி, அதையா முழுங்குன? அங்கன அத நிப்பாட்டி வருஷமாச்சே!”

ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் குழந்தை உதடு பிளந்தோ, கை கால் குறைந்தோ ஊனமாகப் பிறந்ததாம். அந்தத் தாய்மார்களைத் தேடிப்போய், கர்ப்பத்தில் என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்று அங்கே விசாரித்திருக்கிறார்கள். முடிவாக எதுவும் தெரியவில்லை; சந்தேகமே போதும் என்று நிறுத்திவிட்டார்களாம்.

“உனக்கு அப்படி ஆவும்னு நான் சொல்லல மக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. “நெறையப் பேருக்குக் குடுத்திருக்கேம்மா. ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்ல. வேண்டாம்னு கவர்மெண்டும் சொல்லல. நான் எத வச்சு நிப்பாட்டுவேன்?” என்றார்.

லீவு முடிந்து அவர் கிளம்பிவிட்டார். வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன் அன்று எங்கள் ஊரில் கிடையாது. பிள்ளை உதைத்தால், ஒரு கால் இருக்கிறது என்று நினைப்பேன். மறு காலைத் தேடி வயிற்றைத் தடவிக்கொண்டே கிடப்பேன். வகுப்பில் பாதிக் கணக்கில் மனம் அங்கே போய்விடும். ஜெபம் பண்ணுவோம் என்று கணவர் தேற்றுவார். அவரும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிரசவம் பாளையங்கோட்டையில். அழுகைச் சத்தம் கேட்டதும், ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.

“உதடு, கை, காலு எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?”

“எல்லாம் நல்லாருக்கு, பொம்பளப்பிள்ள” என்று நெஞ்சில் கிடத்தினார். நம்பாமல் துணியை விலக்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

பல வருஷம் கழித்து நம் நாட்டிலும் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அதே மாத்திரையை விழுங்கிவிட்டு, பிள்ளைக்கு வந்த குறைக்குக் கிரகணத்தைப் பழித்துக்கொண்டிருந்த ஒரு தாய் எங்கள் பக்கத்திலும் இருந்திருப்பாளோ என்று, யாரும் போய் விசாரிக்காத அவளைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.