வலது பக்கத்துச் சாமிகள்

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரம். நானும் என் மனைவியும் டவுன் பஸ்ஸில் போவோம். கும்பகோணத்தில் ஒரு தடவை இறங்கி ஏறி, பாபநாசத்தில் இன்னொரு தடவை இறங்கி ஏறி, தஞ்சாவூர் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். எனக்கும் டிக்கெட் குறைச்சல்தான். குத்தகை நிலத்தில் பாடுபடுகிற எங்களுக்கு அது பெரிய உதவி.

அவளுக்கு வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை போகும்போது, "உடம்பு முடியாதவ, எக்ஸ்பிரஸ்லயே போயிடலாம்" என்றுதான் நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"எக்ஸ்பிரஸ் பைபாஸ்ல போயிடும்ங்க. வழியில ஒரு சாமியும் வராது."

அவள் சொன்னது சரிதான். டவுன் பஸ் ஊருக்குள் புகுந்து புகுந்து போகும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோயில் ரோட்டைப் பார்த்து இருக்கும். பிள்ளையார், மாரியம்மன், அய்யனார், காளி என்று ஒருவர் விடாமல் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது அவள் எண்ணம். எந்தச் சாமி காது கொடுக்கும் என்று நமக்குத் தெரியாது, எல்லாரிடமும் சொல்லி வைப்போம் என்பாள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் பெண்கள் இடது பக்கம் உட்காருவார்கள், ஆண்கள் வலது பக்கம். நடுவில் நிற்கிற கூட்டத்தில் இந்தப் பக்கத்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அதனால் அவளே ஒரு பாகப்பிரிவினை செய்துவிட்டாள்.

"இந்தப் பக்கத்துச் சாமி எல்லாம் நான் பாத்துக்கறேன். அந்தப் பக்கத்துச் சாமிய நீங்க பாத்துக்குங்க. தூங்கிடாதீங்க."

நான் தூங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் படுத்த பிறகு மாடு, சமையல், தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் என் தலையில். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று முகத்தில் பட்டதும் கண் சொருகிவிடும். குத்தாலம் தாண்டினால் கும்பகோணத்தில்தான் விழிப்பேன். பாபநாசத்தில் பஸ் மாறி உட்கார்ந்தால் மறுபடியும் அப்படியே.

தஞ்சாவூரில் இறங்கியதும் அவள் கேட்பாள்.

"எல்லாரையும் கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டேன்."

"காளியம்மனை?"

"ரெண்டு தடவை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சட்டைக் காலர்ல எச்சி வடிஞ்சிருக்கு, தொடைங்க" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

ஒருநாள் மட்டும் விடாமல் கேட்டாள். பாபநாசம் தாண்டி வலது கைப் பக்கம் ஒரு அரசமரத்துப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. "பிள்ளையாருக்கு இன்னைக்கு என்ன மாலை போட்டிருந்தாங்க?" என்றாள்.

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "எருக்கம்பூ மாலை. பெருசா போட்டிருந்தாங்க. வேட்டிகூட புதுசு" என்றேன்.

"அப்படியா? நல்லா சேவிச்சீங்களா?"

"தோப்புக்கரணமே போட்டிருப்பேன். பஸ்ஸுல இடம் இல்ல."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குமட்டுகிறதாக்கும் என்று நினைத்து நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

திரும்பி வரும்போது அவள் எப்போதும் களைத்துத்தான் இருப்பாள். ஆனாலும் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்க மாட்டாள். பாபநாசத்திலிருந்து வாழையிலைக் கட்டு கொண்டுவந்து தஞ்சாவூரில் விற்கிற ஓர் அம்மாள் அதே பஸ்ஸில் ஊர் திரும்புவார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். நான் எதிர்ப் பக்கத்தில் இருப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பெண்கள் பேசுவதை நாம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

கடைசியாகப் போனது தை மாதம். ஊரெல்லாம் அறுப்பு. விடியற்காலையில் ஏறினோம். அன்றைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது என் கையைப் பிடித்து, "இன்னைக்கு எனக்குக் கையெடுக்க முடியலங்க. நீங்க நல்லா கும்பிட்டுக்குங்க" என்றாள். சரி என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன். முருகன் சாட்சி. ஆனால் முதல் நாள் முழுக்க அறுப்பு மிஷின் பின்னால் நடந்த உடம்பு. பாபநாசம் வரைக்கும் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து விழித்திருந்தேன். மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தெரியும். தஞ்சாவூரில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்.

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டர்கள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஊருக்குக் கொண்டுவந்த வண்டி பைபாஸிலேயே வந்தது. பிணம் போகிற வழியில் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள், பைபாஸில் போவதே நல்லது என்று டிரைவர் தம்பி சொன்னார். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்ன மாதிரி ஒரு சாமியும் வரவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு காகிதம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது யாரையும் பார்க்கக் கூடாது என்று எக்ஸ்பிரஸில் போனேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பாபநாசம் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. கால் தானாக அதில் ஏறிவிட்டது. உள்ளே இலைக்கார அம்மாள் இருந்தார்.

"வாங்கண்ணே. எங்க அக்காவ ரொம்ப நாளா காணும்?"

சொன்னேன். அவர் மடியில் இருந்த காலிச் சாக்கை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு, "போறப்ப அவர் தூங்குன சாமியெல்லாம் வர்றப்ப நான் கும்பிட்டுக்கறேன்னு சொல்லும் அக்கா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே ஜன்னலைக் காட்டினார். போகும்போது வலது கைப் பக்கம் வருகிற கோயில், திரும்பும்போது இடது கைப் பக்கம் வந்துவிடுகிறது. பெண்கள் பக்கம். இத்தனை வயதாகியும் எனக்கு அது தோன்றவில்லை.

"தெரியுமா அவளுக்கு?"

"தெரியுமாவா? எருக்கம்பூ மாலைன்னு சொன்னீங்களாமே. அந்தக் கோயில் திருப்பணின்னு பாலாலயம் பண்ணி, தகரம் அடிச்சு மூடி அப்பவே ரெண்டு மாசம்ணே. சாமியவே தனியா கொட்டாய்க்கு மாத்தி வச்சாச்சு. மாலையாம், புது வேட்டியாம்! அக்கா சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிப்போச்சு. 'பாவம்டி, ராத்திரியெல்லாம் என் காலைப் புடிச்சு விடுறாரு, பஸ்ஸுலயாவது தூங்கட்டும்'னு சொல்லும்."

நான் கீழே குனிந்துகொண்டேன். அவள் என்னைக் குறையாக நினைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் விட்ட சாமிகளை அவள் திரும்பி வரும்போது கும்பிட்டுச் சரிசெய்திருக்கிறாள். கடைசித் தடவை அவள் பஸ்ஸில் திரும்பவில்லை. அன்றைக்கு நான் விட்டது விட்டதுதான்.

அதனால்தான் போனாள் என்று சொல்ல மாட்டேன். சாமி அப்படிக் கணக்குப் பார்க்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கையெடுக்க முடியாமல் என்னிடம் ஒப்படைத்த நாள் அது ஒன்றுதான்.

பஸ் புறப்படுகிற நேரம் நான் வலது பக்கம் போகப் பார்த்தேன். இலைக்கார அம்மாள் விடவில்லை. "இங்கயே உக்காருங்க. இது அக்கா உக்கார்ற எடம்" என்று சொல்லி ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

கண்டக்டர் வந்தார். "பெரியவரே, இது லேடீஸ் சீட்டு. அந்தப் பக்கம் போங்க."

"லேடீஸ் சீட்டுதான்யா, யாரு இல்லைன்னா? அது அவரு பொண்டாட்டி சீட்டு. நீ டிக்கெட்டக் குடு" என்றார் இலைக்கார அம்மாள்.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு வருஷம் திரும்பும்வரை கோயிலுக்குள் போகக் கூடாது. பஸ் ஜன்னலுக்கு அந்த விதி உண்டா என்று தெரியவில்லை. முதலில் ஓர் அய்யனார் வந்தார். கையெடுத்தேன். அய்யம்பேட்டை தாண்டியதும் அவள் கேட்ட காளி. ரோட்டோரத்திலேயே இவ்வளவு பெரிய சூலம் நட்டிருக்கிறது, அதைக்கூட நான் பார்த்ததில்லை. என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சும்மா கும்பிட்டேன்.

பாபநாசம் நெருங்கும்போது அரசமரம் தெரிந்தது. கோயிலைச் சுற்றி இன்னும் தகரம். மேலே சவுக்குக் கட்டைச் சாரம். உள்ளே பிள்ளையார் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, மாலை விஷயத்தில் பொய் சொல்லிவிட்டேன் அப்பனே, அவளிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது என்று சொன்னேன். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. தகரம் பின்னால் போய்விட்டது.

கண்ணை மூடியபடி இருந்தேன் போலிருக்கிறது. முன் சீட்டிலிருந்து அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அடுத்தது மாரியம்மன் கோயிலு. தூங்கிடாதீங்க."

"தூங்கலம்மா" என்றேன்.