பஸ்ஸுக்குப் பத்து ஓட்டு

தெருவில் எல்லோருக்கும் அவர் கூலிங். ஃபிரிட்ஜ் மெக்கானிக். "கூலிங் ஆக மாட்டேங்குது, வந்து பாருங்க" என்று போன் வந்து வந்து, புகாரே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஐந்து மாடிக் கட்டடங்கள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கிற தெரு. அங்கே அவர் கை படாத ஃபிரிட்ஜ் கிடையாது. எந்த வீட்டில் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது, எந்த வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஐஸ்கிரீமைக் காய்கறிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், அத்தனையும் தெரியும். கதவைத் தட்டி "நான்தான்" என்றால் போதும், திறந்துவிடுவார்கள். ஒரு தெருவைத் திரட்டுவதற்கு இதைவிடப் பெரிய சொத்து வேண்டாம். அந்தச் சொத்தை மனிதர் ஒரு பாடகனுக்கு எழுதி வைத்துவிட்டார்.

டிவியில் பாட்டுப் போட்டி. அதில் சுருட்டை முடியோடு ஒருவன் வந்தான். மேலே போகும்போதெல்லாம் மூக்கால் பாடுவான். ஆனால் முதல் வாரமே, தான் கடை கடையாக ஃபிரிட்ஜ் இறக்கி வயிறு கழுவியதைச் சொல்லி அழுதான். கூலிங் அங்கேயே கவிழ்ந்தார். "நம்ம லைன் ஆளுய்யா!" என்று தொடையில் தட்டினார். மறுநாள் சுருட்டை படை பிறந்தது.

படை என்றால் சும்மா இல்லை. மாடிக்கு ஒரு பொறுப்பாளர். போன் இல்லாதவர்களுக்குப் போன் கொடுக்க ஆள். ஓட்டு நேரத்தில் யாராவது தூங்கிவிட்டால் கதவைத் தட்ட ஆள். ஒரு நம்பருக்குப் பத்து ஓட்டு வரை போடலாம் என்று டிவிக்காரன் சொல்லியிருந்தான். பத்தையும் போடாதவன் துரோகி. அலமாரியில் கிடந்த பழைய சிம் எல்லாம் தூசி தட்டப்பட்டது. செத்துப்போனவர்கள் பெயரில்கூட நம்பர் உயிர் பெற்று, விசுவாசமாக ஓட்டுப் போட்டது.

வார்டு தேர்தலும் அந்த வருடம்தான் நடந்தது. லீவு கொடுத்தார்கள் என்பதால் கூலிங் நன்றாகத் தூங்கினார். உங்கள் வார்டு மெம்பர் யார் என்று கேட்டால், "கண்ணாடி போட்டிருப்பாரே, அவரா?" என்பார். கண்ணாடி போட்டவர் பாட்டுப் போட்டியின் நடுவர்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், அவருடைய ஷெட்டுக்குத் தையல்காரம்மா வந்தார். கீழ்த்தளத்தில் ஜாக்கெட் தைப்பவர். தெருவில் குழாய் உடைந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் ஆபீஸ் படி ஏறுகிற ஒரே ஆள். கம்ப்ரசருக்குள் தலையை விட்டிருந்த கூலிங் நிமிரவே இல்லை.

"தம்பி, நம்ம தெரு பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாம்."

"எந்த பஸ்க்கா?"

"எத்தனை பஸ் ஓடுது இங்க? காலைல அஞ்சு மணி பஸ்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் திருப்பி விடப் போறாங்களாம். நாளைக்கு சாயங்காலம் மொட்டை மாடியில பேசலாம்னு கூப்பிட்டிருக்கேன். நீ வந்தா நாலு பேர் வருவாங்க."

"நாளைக்கா? நாளைக்கு செமி ஃபைனல்க்கா!"

"அது எட்டு மணிக்குத்தானே? நான் ஆறு மணிக்குத்தான் கூப்பிடுறேன்."

"அக்கா, ஆறு மணிக்கெல்லாம் நாங்க சார்ஜ் போட ஆரம்பிச்சிடணும்."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கா போனுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மொட்டை மாடிக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் காயப்போட்ட துணி எடுக்க வந்தவர்.

கூலிங்கின் மனைவி ஒரு பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். விருந்தாளிகள் கண் விழிக்கும் முன் படுக்கை விரிப்பெல்லாம் மடிப்புக் கலையாமல் மேலே போய்விட வேண்டும். ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டாவிட்டால் அன்றைய ஷிஃப்ட் போச்சு. மூன்று முறை தவறினால் வேலையே போச்சு. அந்த ஐந்து மணி பஸ்தான் அவருடைய சம்பளம். செய்தியைக் கேட்டதும் நேராகக் கணவரிடம் வந்தார். டிவியில் விளம்பர இடைவேளை.

"ஏங்க, பஸ் போகப் போகுதாமே. அக்கா உங்ககிட்ட சொன்னாங்களாமே?"

"சொன்னாங்க. பார்த்துக்கலாம்."

"என்னத்தப் பார்த்துக்கிறது? பஸ் போனா என் வேலையும் கூடவே போகும். உங்க சுருட்டை வந்து என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவானா?"

"அவனை ஏன் இழுக்கிற?"

"அவன்தான் ஃபிரிட்ஜ் எல்லாம் தூக்கினவனாச்சே, என்னைத் தூக்க மாட்டானா? அந்த மூக்கடைச்சவனுக்கு ஊரைக் கூட்டுறீங்க. கட்டினவளுக்கு நாலு பேரைக் கூட்டத் துப்பில்ல."

இது சுருக்கென்று தைத்தது. முக்கியமாக 'மூக்கடைச்சவன்'. டிவி சத்தத்தைக் குறைத்தார். அது அந்த வீட்டில் அபூர்வம்.

"இப்ப என்ன செய்யணும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள போன்ல மெசேஜ் போட்டு ஆட்சேபணை சொல்லலாமாம். சனிக்கிழமை பத்து மணிக்குப் போக்குவரத்து ஆபீஸ்ல நேர்ல போய்ப் பேசலாமாம்."

"மெசேஜா? அட, இதுக்கா இவ்வளவு கவலை! ஃபோன் ஓட்டுல நம்மள அடிச்சுக்க ஆள் இருக்கா? நாளைக்குள்ள ஆபீஸே திணறிடும் பாரு."

சொன்னபடியே செய்தார். அதை மறுக்க முடியாது. செமி ஃபைனலில் சுருட்டை தப்பித்துவிட்டதால் படை உற்சாகத்தில் இருந்தது. மாடிப் பொறுப்பாளர்களுக்குக் கட்டளை பறந்தது: ஒரே வாசகம், ஒரு போனுக்குப் பத்து தடவை, எல்லா சிம்மிலும்.

கேள்விகளும் வந்தன.

"அண்ணே, பஸ்ஸுக்கு எதிர்ல நிக்கிறது யாரு?"

"யாரும் இல்லடா, பஸ்ஸக் காப்பாத்தணும், அவ்வளவுதான்."

"யாருமே எதிர்ல இல்லன்னா அதுவா ஜெயிச்சிடுமே?"

மூன்றாம் மாடிப் பொறுப்பாளரான டியூஷன் டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நடுவர் மார்க் எத்தனை பர்சன்ட், மக்கள் ஓட்டு எத்தனை பர்சன்ட்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூலிங் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. மனைவியிடம் போனை நீட்டி, "பார்த்தியா துப்பு?" என்றார். அந்த அம்மாள் முகத்திலும் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். தையல்காரம்மா மட்டும், "நாளைக்கு ஆளுங்கள நேர்ல கூட்டிட்டு வா தம்பி" என்று நச்சரித்தார்.

"எதுக்குக்கா? போட வேண்டியதைப் போட்டாச்சு. இனிமே ரிசல்ட்தானே. அதுக்குக் கூட்டமா போனா ஜால்ரான்னு நினைப்பாங்க." படைக்கும் அப்படியே செய்தி அனுப்பினார்: நேரில் வரத் தேவையில்லை, வெற்றி நமதே.

சனிக்கிழமை ஆபீஸுக்கு அந்தத் தெருவிலிருந்து ஐந்து பேர் போனார்கள். கூலிங், மனைவி, தையல்காரம்மா, அன்றைக்குத் துணி எடுக்க வந்து மாட்டிக்கொண்டவர், அவரைத் தேடி வந்த அவருடைய தம்பி. நீளமான அறை, ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதி நாற்காலிகளில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு இரண்டு பேர், ஊன்றுகோலோடு ஒருவர், யூனிஃபார்மோடு நாலைந்து செக்யூரிட்டிகள். "இவங்கல்லாம் மெசேஜே போட்டிருக்க மாட்டாங்க, பாவம்" என்றார் கூலிங்.

அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஊன்றுகோல்காரர், ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறார் என்று சொன்னார். அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு இந்தத் தெருவின் முறை வந்தது. அதிகாரி தண்ணீர் குடித்தார். ரிசல்ட்டுக்கு முன்னால் இப்படி இழுப்பார்கள் என்பது கூலிங்குக்குத் தெரிந்ததுதான்.

"உங்க தெருவுல இருந்து பதினோராயிரம் ஆட்சேபணை வந்திருக்கு."

கூலிங் கை தட்டிவிட்டார். தனியாகத் தட்டிய கை, அறையில் வழுக்கி விழுந்த மாதிரி கேட்டது.

"தெருவுல மொத்தமே எத்தனை பேர் இருப்பீங்க?"

"ஒரு... ஆயிரத்து ஐந்நூறு இருக்கும் மேடம். குழந்தைங்களோட."

"எல்லாம் ஒரே வாசகம். ஒரே நம்பர்ல இருந்து பத்துப் பத்து. அனுப்பினவர் பேர்னு போட்ட இடத்துல 'சுருட்டை படை', 'சுருட்டை வெறியன்', 'மரண மாஸ் சுருட்டை'. இதுல நிஜமா பஸ் வேணும்னு கேட்டவங்க யாருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தர் ஒரு தடவைதான் சொல்லலாம்னு அறிவிப்புலயே இருக்கு. மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிட்டோம்."

"மேடம், பத்து வரைக்கும் செல்லும்ல?"

"எங்க செல்லும்?"

கூலிங் மெதுவாக, "அப்ப ஒண்ணாவது எடுத்துக்கங்க. பத்துல ஒண்ணு" என்றார்.

"எந்த ஒண்ணு?"

அந்த நேரத்தில் அவர் மனைவி எழுந்தார். ஹோட்டல் சலவைச் சோடாவில் வெந்து வெளுத்த விரல்களால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஆறு மணி கேட்டைப் பற்றிச் சொன்னார். தன்னோடு அந்த பஸ்ஸில் ஏறுகிற துப்புரவுப் பெண்களைப் பற்றியும் பால் பூத்காரரைப் பற்றியும் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். "அவங்கெல்லாம் ஏன்மா வரல?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை, அதனால்தான் அதிகம் குத்தியது.

"வர வேண்டாம்னு சொன்னாங்க" என்றார் மனைவி. யார் சொன்னது என்று சொல்லவில்லை.

பஸ் அந்தப் பக்கம் போனது.

தீர்ப்புத் தெரிந்ததும் படை கொதித்தது. சதி என்றார்கள், ஓட்டுத் திருட்டு என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களைத் திட்டிப் பாட்டெல்லாம் கட்டினார்கள். டியூஷன் டீச்சர் நடுவரை மாற்றச் சொன்னார். ஆபீஸுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. பிறகு யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது: கடைசி பஸ்ஸை நல்லபடியாக வழியனுப்ப வேண்டும். போட்டியிலிருந்து வெளியேறுகிறவர்களை அப்படித்தானே அனுப்புகிறார்கள்.

பத்து மணிக்கு ஆபீஸுக்கு வர முடியாத தெரு, விடிகாலை ஐந்து மணிக்கு நிறுத்தத்தில் திரண்டு நின்றது. பல் விளக்காத வாயோடு, ஸ்வெட்டரோடு, கையில் போனோடு. ஸ்பீக்கரில் சோகப் பாட்டு ஓடியது. கூலிங் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் பிடித்தார். அந்த மனிதருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. பஸ் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து மிரண்டு போனார்.

"என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?"

"உங்கள வழியனுப்ப வந்திருக்கோம்ணே!"

"இந்தத் தெருவுல இத்தனை பேரா இருக்கீங்க? ஆள் இல்லன்னுதானே பஸ்ஸ எடுத்தாங்க. கூட்டத்துக்கு எத்தனை பேர் போனீங்க?"

கூலிங்குக்கு நாக்கு நுனி வரை பதினோராயிரம் வந்தது. விழுங்கிவிட்டார்.

"அஞ்சு பேரு" என்றார் படியில் கால் வைத்த அவர் மனைவி. "அதுல ஒருத்தர் துணி எடுக்க வந்தவரு."

டிரைவர் சிரிக்கலாமா கூடாதா என்று புரியாமல் கியரைப் போட்டார். கூட்டம் கை தட்டியது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்ற பெண், "மனசே சரியில்லண்ணே, ஃபைனல் பார்த்த மாதிரி இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினாள். பஸ் நகரும்போது மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவர் கையசைப்பார் என்று கூலிங் போனை அந்தப் பக்கம் திருப்பினார்.

"நாளையிலிருந்து நாலரைக்கு வண்டிய எடுக்கணும். என்னை மெயின் ரோட்ல விடணும். தினமும்."

"தினமுமா?"

"பத்துப் பத்துத் தடவையெல்லாம் வேணாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை விட்டா போதும்."

அதுவும் வீடியோவில் பதிவாகியிருந்தது. கூலிங் வீட்டுக்கு வந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, மீதியைப் படைக்கு அனுப்பினார்.