ஒழுங்கைக்கு வந்த கிறைண்டர்

சீவரத்தினம் பத்து வருஷமாகச் சீமெந்து பூசியவன். அவன் கைவேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது என்று யாழ்ப்பாணத்து உடுவில் ஊர்ப்பக்கத்தில் சொல்வார்கள். சொல்வதோடு சரி, கூலியைக் கூட்டித் தரமாட்டார்கள். எண்பத்தாறாம் ஆண்டில், வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளுக்கெல்லாம் குளியலறையில் ரைல்ஸ் பதிக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. அந்த வேலைக்குக் கூலி இரண்டு மடங்கு. அவனுக்கும் ஆசை வந்ததில் என்ன பிழை? இரத்தினம்மா என்பவள் தன் வீட்டுக் குளியலறையை அவனை நம்பி ஒப்படைத்தாள். அதுதான் முதல் வேலை. ரைல்ஸ் வெட்ட மிசின் மட்டும் இல்லை.

அவன் பெண்சாதி குணலட்சுமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"உதை ஈடு வைச்சு ஒண்டு வாங்குங்கோ. ஒண்டுதான்! கடைக்காரன்ரை கதையைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நிக்காதையுங்கோ."

பட்டினத்தில் பழைய சாமான் விற்கும் கிறகோரி மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது கையால் கோடு கீறி அமத்தி உடைக்கிற கட்டர். கறண்டும் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனால் நேராக மட்டுந்தான் வெட்டும். தண்ணீர்க் குழாய் வருகிற இடத்தில் வளைத்து வெட்டாது. இரண்டாவது, பிளேட் சுற்றி வெட்டும் புதுச் சின்னக் கிறைண்டர். விலையைக் கேட்டதும் சீவரத்தினம் அதை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டான். மூன்றாவது, அரபு நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து பாவித்துக் கழித்த பெரிய கிறைண்டர்.

"பிளேட் புதுசாப் போட்டுத் தாறன். சத்தம் மட்டும் கொஞ்சம் கூட," என்றார் கிறகோரி.

"சத்தத்தை நான் என்னண்ணை, சோத்தோடை பிசைஞ்சு தின்னப்போறனோ?"

பாரம் பார்த்தான். பிளேட்டைத் தட்டிப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவன்போல வயரை இழுத்தும் பார்த்தான். சத்தத்தை மட்டும் அவன் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனத்தின் உயிர் காதில்தான் இருந்தது. தூரத்தில் ஒரு முனகல் கேட்டால், அது குண்டு போட வருகிற பொம்மர் என்று மனம் சொல்வதற்கு முன்னமே கால் வளவில் பதுங்க வெட்டிய பங்கருக்குள் நிற்கும். இது தெரியாத ஆளா அவன்? சங்கிலிக் காசு கையில் இருக்கும்போது மனுசனுக்கு இதெல்லாம் நினைவுக்கு வராது.

இரத்தினம்மா வீட்டில் வோல்ட்டேஜ் குறைவு. சுவிச்சை அமத்தியதும் கிறைண்டர் அடித்தொண்டையில் முனகியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, வீடே அதிரக் கத்தியது. முதல் ரைல்ஸ் நூல் பிடித்ததுபோல வெட்டுப்பட்டது. அவன் சந்தோஷம் தாங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தால், வீட்டில் ஒருவருமில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒழுங்கைச் சனம் முழுவதும் பங்கருக்குள்.

"நாசமாப் போச்சு! உதென்ன சாமான் உது?" தலைமயிரெல்லாம் மண்ணோடு ஏறிவந்தாள் இரத்தினம்மா. "என்ரை ஈரக்குலையே கழண்டு போச்சு!"

பக்கத்து வளவுத் தம்பிஐயா வேலிக்கு மேலால் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் சனம் எதற்கும் பழகிவிடும். மூன்றாம் நாள் முனகல் கேட்டதும், "உது சீவரத்தினத்தின்ரை மிசினல்லோ," என்று சொல்லிக்கொண்டு பெண்கள் பேசாமல் மீன் வெட்டினார்கள். அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஐந்தாம் நாள் காலை, குழாய்க்காக ஒரு ரைல்ஸை வளைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கறண்ட் போய்விட்டது. கிறைண்டரை நிலத்தில் வைத்தான். முகத்துத் தூசியைத் துடைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

பிளேட்டைப் பார்த்தான். அது அசையாமல் கிடந்தது. சத்தமோ ஏறிக்கொண்டு வந்தது. விழுந்தடித்து ஒழுங்கைக்கு ஓடினான்.

"பொம்மர்! பொம்மர்! அது என்ரை மிசின் இல்லை! என்ரை மிசின் நிண்டுபோச்சு!"

வேலி கட்டிக்கொண்டிருந்த தம்பிஐயா சிரித்தார். சீவரத்தினம் அவரைப் பிடித்துத் தள்ளிய தள்ளில் அவர் தன் பங்கருக்குள் போய் விழுந்தார். இரத்தினம்மா அம்மியடியை விட்டு எழும்பவேயில்லை.

"அப்ப உள்ளுக்கை ஆர் வெட்டுறது?"

பதில் சொல்ல நேரமில்லை. அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தான். நிலம் இரண்டு தரம் தூக்கிப் போட்டது.

வெளியே வந்து பார்த்தபோது, தம்பிஐயா நின்ற இடத்தில் வேலியும் இல்லை, நிலமும் இல்லை. பெரிய குழி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. தம்பிஐயா குழியைப் பார்ப்பதும் சீவரத்தினத்தைப் பார்ப்பதுமாக நின்றார். இரத்தினம்மா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள்.

"நீ எங்களுக்காகக் காதைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய், தம்பி."

அந்தப் புகழை அவனால் விழுங்க முடியவில்லை.

"இல்லையக்கா. கறண்ட் நிண்டது. அவ்வளவுதான். நிண்டிராட்டி நானும் வெட்டிக்கொண்டுதான் இருந்திருப்பன். நீங்களும் என்ரை மிசின் எண்டு நினைச்சுக்கொண்டு..."

இரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது முனகல் கேட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறியது. எல்லோரும் ஓடினார்கள். முதலில் பங்கருக்குள் விழுந்தவன் சீவரத்தினம்.

இருட்டில் நெருக்கியடித்து இருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கறண்ட் போனபோது அவன் சுவிச்சை நிறுத்தவில்லை. கறண்ட் திரும்பி வந்திருந்தால், குளியலறை நிலத்தில் கிறைண்டர் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பொம்மரும் ஒருதரத்தோடு போவதில்லை.

"சீவரத்தினம், உது உன்ரை மிசினோ?" என்று இரத்தினம்மா மெல்லக் கேட்டாள்.

ஐந்து நாளாக நெஞ்சோடு அணைத்துப் பிடித்து வேலை செய்த மிசின். அவன் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"தெரியேல்லை அக்கா," என்றான்.

ஒருவரும் எழும்பவில்லை.