ஸ்ரீராம்புரத்திலிருந்து ஈஜிபுராவுக்கு: பத்தாவது ஆளைத் தேடிப் போன கதை

பெங்களூருக்குப் போகிறவர்கள் பூங்கா, அரண்மனை என்று பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது பத்துப் பேரின் பிபி பார்க்க. சேலத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி. படிக்கிறேன். பிபி மாத்திரையை யார் ஒழுங்காகப் போடுகிறார்கள், போடாதவர்கள் ஏன் போடுவதில்லை என்பது என் ஆய்வு. பெரிய ஆய்வுக்கு முன்னால் கேள்வித்தாள் சரிப்படுமா என்று சிறிய அளவில் சோதிக்க வேண்டும். அதற்கு முன்னோட்ட ஆய்வு என்று பெயர். போன பிப்ரவரியில் அதற்காகத்தான் இரண்டு நாள் போனேன். கேள்வித்தாளோடு ஊர் சுற்றப் போகிற மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேலத்தில் காலை ஐந்தரைக்கு ரயில், பத்தரைக்கு பெங்களூர் மெஜஸ்டிக். அங்கிருந்து ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். அங்கே ஒரு கிளினிக்கில் சம்மதம் சொன்ன நோயாளிகளின் பட்டியலில் இருந்து சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரை எடுத்திருந்தேன். "சீட்டுல வந்த ஆளைத்தான் கேக்கணும். கையில கிடைச்சவங்களைக் கேட்டா அது ஆய்வு இல்ல, அரட்டை" என்று எங்கள் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் வீட்டிலேயே "நீங்க சாம்பிள்ல வந்திருக்கீங்க" என்று சொல்லித் தொலைத்தேன். கால் மணி நேரத்தில் வாசலில் எட்டுப் பேர். இலவசமாகத் தருவது சோப்பா, ஷாம்பூவா என்று விசாரணை. சம்மதப் படிவத்தை நீட்டினால் அந்த வீட்டு அம்மா இரண்டடி பின்னால் போனார்.

"எதுக்கும்மா கையெழுத்து?"

"பிடிக்கலைன்னா நடுவுல நிறுத்திக்கலாம்னு எழுதியிருக்கும்மா."

"நிறுத்துறதுக்கு ஒரு கையெழுத்தா?"

எப்படியோ அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரை முடித்துவிட்டு, காக்ஸ் டவுனில் தோழி வீட்டில் போய் விழுந்தேன்.

மறுநாள் பத்தாவது ஆள், தெரு கூட்டும் வேலை செய்யும் முனுசாமி. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வியக்கா டீயோடு வந்தார். "அவரு லீவு போட்டுட்டு ஈஜிபுராவுல மக வீட்டுக்குப் போயிருக்காரு. என்னைக் கேளேன். எனக்கும் பிபி, எனக்கும் மாத்திரை. பதில் எல்லாம் ரெடி."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால், வெளியே வேலைக்குப் போகிறவர்களின் கதை ஆய்வுக்குள் வரவே வராது. ஒருபக்கச் சாய்வு என்பது இதுதான். அதைச் சொன்னதும் அக்கா முகம் சுருங்கியது. "அப்போ நான் லாயக்கில்லையா?" என்றார். கோபத்தோடேயே முனுசாமிக்குப் போன் போட்டு "வரோம்" என்று சொல்லி, வழி காட்ட ஆட்டோவிலும் ஏறிக்கொண்டார்.

"ஈஜிபுராவா? சிக்னல் ஜாஸ்தி மேடம்" என்றார் டிரைவர். சுமார் பதின்மூன்று கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம், முந்நூற்று நாற்பது ரூபாய். வழி முழுக்க அக்கா முனுசாமியின் பதில்களையும் சேர்த்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

முனுசாமி எங்களுக்காக வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மகளும் செல்வியக்காவும் பக்கத்தில்.

"மாத்திரை தினமும் போடுறீங்களாண்ணா?"

"ஒரு நாள் தவறாது."

பிபி பார்த்தேன். ஏகத்துக்கு ஏறியிருந்தது. கேள்வி கேட்கும்போது மற்றவர்கள் இருக்கக் கூடாது என்ற விதி எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவை வெளியே அனுப்பத்தான் பத்து நிமிடம் பிடித்தது.

தனியாக மறுபடி கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை மட்டும்தாம்மா. அதைப் போட்டா அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு வருது. ரோட்டுல நிக்கிறவன் எங்க போவேன்? கூட வேலை பாக்குற பொம்பளைங்களும் போடுறதில்ல. டாக்டர் கேட்டா போடுறேன்னுதான் சொல்றது. அவரு டோஸை ஏத்திக்கிட்டே போறாரு."

கேள்வித்தாளில் கொடுத்திருந்த காரணங்களைப் பார்த்தேன். மறதி, விலை, பயம், கசப்பு. நான் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவை. கழிப்பறை அதில் இல்லை. 'வேறு' என்ற கட்டத்தில் நுணுக்கி எழுதினேன்.

"அண்ணா, இதை டாக்டர்கிட்ட சொல்லணும். நான் சொல்லட்டுமா?"

"வேணாம், நானே சொல்றேன். நீ பேரை மாத்திட்டு எழுது. நாலு பேருக்குத் தெரியட்டும்."

அடுத்த வாரமே சொல்லியிருக்கிறார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது பிபி இறங்கி வருகிறது என்று போனில் சொன்னார். என் கேள்வித்தாளையும் மாற்றிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 'சாம்பிள்' என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒன்பது பேர் என்பது என் முட்டாள்தனம். 'வேறு' கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். ஆட்டோவில் திரும்பும்போது வாயைக் கட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். "போடுறாரா இல்லையா? அது மட்டும் சொல்லு" என்று செல்வியக்கா சிக்னலுக்குச் சிக்னல் கேட்டார். சொல்லக் கூடாது அக்கா, சொல்லக் கூடாது அக்கா என்று ஸ்ரீராம்புரம் வரை வந்துவிட்டேன்.

இறங்கப் போனவர் நின்றார். "அப்போ நான் ஏதாவது சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன்க்கா."

டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். மறுபடி உள்ளே ஏறி என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சீட்டில் வரவில்லை, அதனால் ஆய்வில் இல்லை. சொல்ல மாட்டேன் என்றதால் இங்கேயும் இல்லை.